லயத்துக்குக் கீழே ஓடுவதும் மகாவலிதான்: மலையகப் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோட்டப் பாடசாலைகளில் புவியியல் படிப்பிக்கும் சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் வணக்கம்.

நான் ஆசிரியன் இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே படித்து, பிறகு பன்னிரண்டு வருடம் மரக்கறி லொறியில் ஓடியவன். இப்போது தலவாக்கலையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மகாவலி கங்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கரும்பலகையிலுள்ள படத்திலிருந்து தொடங்காமல், பாடசாலைக்குக் கீழே ஓடுகிற ஓடையிலிருந்து தொடங்குங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுமையாக வாசியுங்கள்.

நான் படித்த காலத்தில் எங்கள் சேர் கரும்பலகையில் மாங்காய் மாதிரி இலங்கையை வரைந்து, நடுவிலிருந்து வடகிழக்குக்கு ஒரு வளைந்த கோடு போடுவார். நீளம் 335 கிலோமீட்டர், இலங்கையின் மிக நீளமான ஆறு, திருகோணமலைக்கு அருகே கடலில் சேர்கிறது. இதை நாங்கள் பாட்டு மாதிரி ஒப்பிப்போம். பரீட்சைக்கு வந்தது, எழுதினோம், புள்ளியும் வந்தது. அந்த வகுப்பறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு ஓடை சத்தம் போட்டுக்கொண்டே ஓடும், மழை நாளில் அந்தச் சத்தத்துக்கு மேல் சேர் கத்திப் பேச வேண்டியிருக்கும். அந்த ஓடைதான் இந்தக் கோட்டின் நுனி என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மகாவலி என்றால் எங்கோ கீழ்நாட்டில், வயலும் குளமும் உள்ள ஊரில், வேறு ஆட்களுக்குச் சொந்தமான ஆறு என்றே நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

அது அப்படியில்லை என்று தெரிந்தபோது எனக்கு வயது 27. லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றிக்கொண்டு மூதூருக்குப் போனோம். கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போகிற வழியில் ஒரு நீளமான பாலம், கங்கைப் பாலம் என்பார்கள். அதற்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். கீழே ஆறு அகலமாக, மண் நிறத்தில், அவசரமே இல்லாமல் போகிறது. இது என்ன ஆறு என்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர், “இதுதான் மகாவலி. நீங்க எந்த ஊர்?” என்றார். நுவரெலியாப் பக்கம், அக்கரப்பத்தனை என்றேன். “அப்ப இது உங்கட தண்ணிதானே மகன். கோடை வந்தா எங்கட வயலுக்கெல்லாம் உங்கட தண்ணிதான்” என்றார் அவர்.

எங்கட தண்ணி. அந்த மனிதர் எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆற்றின் கடைசி முனையில் இருக்கிறவருக்கு அதன் முதல் முனை எங்கே என்று தெரிந்திருந்தது. முதல் முனையில் பிறந்த எனக்குத் தெரியவில்லை. லொறியில் திரும்பி வரும்போது முழுக்க எனக்கு அதே நினைப்பு. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன், போகிற வழியெல்லாம் நிறுத்திப் பார்க்கவும் தொடங்கினேன்.

டயகமவிலிருந்து மேலே ஏறினால் தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அதற்கும் மேலே ஹோட்டன் சமவெளி, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே. நான் அந்தப் பாதையால் ஏறிப்போனது ஒரு மாசி மாதக் காலை. மரங்கள் எல்லாம் கட்டை குட்டையாக, கிளை முழுக்கப் பாசி தொங்க, காற்றுக்கு முதுகு காட்டி வளைந்து நிற்கின்றன. அன்று மழையே இல்லை. ஆனாலும் மரத்துக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. மூடுபனி வந்து இலையிலும் பாசியிலும் படிந்து, தண்ணீராகி இறங்குகிறது. மழைமானியில் விழாத மழை அது. காட்டைத் தாண்டினால் புல்வெளி, நம் ஆட்கள் பத்தனை என்கிற புல்வெளிதான், அக்கரப்பத்தனை, பத்தனை என்று ஊர்ப் பெயர்களிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. புல்லைக் கையால் விலக்கிப் பார்த்தேன், கறுத்த மண், பஞ்சு மாதிரி. உள்ளங்கையால் அமுக்கினால் விரலிடுக்கில் தண்ணீர் ஏறுகிறது, கையை எடுத்தால் மறுபடி உள்ளே போய்விடுகிறது. ஆறு தொடங்குகிற இடம் என்றால் ஒரு ஊற்றுக்கண்ணில் குபுகுபுவென்று தண்ணீர் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அந்தச் சமவெளி முழுவதுமே ஊறிக்கொண்டிருக்கிற ஒரு பஞ்சு, அதன் பள்ளங்களில் கசிகிற தண்ணீர் சேர்ந்து வாய்க்காலாகி, வாய்க்கால் ஓடையாகி, ஓடைகள் கூடி ஆக்ரா ஓயா ஆகி எங்கள் பக்கம் இறங்குகிறது. தலவாக்கலைப் பக்கம் வரும்போது டம்பகஸ்தலாவ ஓயாவும் நானுஓயாவும் சேர, கொத்மலை ஓயா என்ற பெயரில் கீழே போகிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் பிடிக்கிற பீலிக் குழாயில் விழுகிற தண்ணீரும் வழிந்து ஓடி இதில்தான் சேர்கிறது.

அதே சமவெளியில் ஒரு நாலு மைல் நடந்தால் நீங்கள் மூன்று ஆறுகளின் தலையைத் தாண்டிவிடுவீர்கள். வடக்கே இறங்குவது மகாவலிக்கு. மேற்கே பொகவந்தலாவைப் பக்கம் இறங்குவது களனி கங்கைக்கு. தெற்கே, உலக முடிவு என்கிற அந்தப் பெரிய செங்குத்துச் சரிவுப் பக்கம், பெலிகுல் ஓயா வழியாக வளவை கங்கைக்கு. திருகோணமலைக் கடலும் கொழும்புக் கடலும் அம்பாந்தோட்டைக் கடலும் ஒரே புல்வெளியிலிருந்து தண்ணீர் வாங்குகின்றன. இதைவிட நல்ல புவியியல் பாடம் எந்த நாட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

நீர்ப்பிரிமேடு என்ற சொல்லை எங்களுக்கு வரைவிலக்கணமாகச் சொல்லித் தந்தார்கள். ஹட்டன் பிள்ளைகளுக்கு அதை வரைவிலக்கணமாகச் சொல்லவே தேவையில்லை. ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவிலிருக்கிற மேட்டில் நிறுத்தி, இந்தப் பக்கம் விழுகிற மழை ஹட்டன் ஓயாவில் இறங்கி வட்டவளை, நாவலப்பிட்டி வழியாக மகாவலிக்குப் போகும், அந்தப் பக்கம் விழுகிறது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து களனியாகிக் கொழும்புக்குப் போகும் என்று கையைக் காட்டினால் போதும். ஒரே கூரையின் இரண்டு பக்கத் தகரம் மாதிரி. பதுளைக்கு ரயிலில் போகிற பிள்ளைக்குப் பட்டிப்பொலைக்கு அப்பால் வருகிற சுரங்கத்தைக் காட்டலாம், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம், நம் ரயில் பாதையின் உச்சி அதுதான். இந்த வாசலில் நுழையும்போது கொட்டுகிற மழை, அந்த வாசலில் வெளியே வரும்போது பளிச்சென்று வெயில். ரயிலில் எல்லோரும் ஆச்சரியப்பட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ஆச்சரியத்துக்குள் ஒரு முழுப் பாடம் இருக்கிறது.

அந்தப் பாடம் காற்றைப் பற்றியது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குச் சரிவில் முட்டி ஏறும், ஏறும்போது குளிர்ந்து கொட்டும். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை என்பது அதனால்தான். மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்றில் ஈரம் இல்லை. வெலிமடை, பண்டாரவளைக்காரர்கள் கச்சான் காற்று என்று சொல்லிக்கொண்டு உதட்டு வெடிப்புக்கு எண்ணெய் பூசுகிற காலம் அது. டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ், வடகீழ்க் காற்று கிழக்குச் சரிவை நனைக்கும். மகாவலிக்கு இரண்டு பக்கத்திலும் கை இருக்கிறது. கொத்மலை ஓயா மேற்குப் பக்கத்து மழையைக் கொண்டு வருகிறது, உமா ஓயாவும் பதுளு ஓயாவும் கிழக்குப் பக்கத்து மழையைக் கொண்டு வருகின்றன. ஆனி மாதம் மூதூரில் மண் வெடித்துக் கிடக்கும்போது எங்கள் லயத்துக் கூரையில் இரவு பகலாக மழை அடிக்கும். அந்த மழைதான் வறண்ட நாட்டுக்கு வறண்ட காலத்தில் தண்ணீர் கொண்டு போகிறது. அந்தப் பெரியவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

அப்புறம் ஆறு ஏன் அப்படி வளைந்து போகிறது என்று என் அக்காவின் மகள் ஒரு நாள் கேட்டாள். அவள் ஒன்பதாம் தரம். நடுமலையிலிருந்து கடலுக்கு நேராகப் போகாமல் முதலில் வடக்கே நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று போய், கண்டியைச் சுற்றி வளைந்து, கிழக்கே திரும்பித் தெல்தெனியப் பக்கம் போய், தென்கிழக்காக இறங்கி, மினிப்பேக்குக் கிட்ட மறுபடி வடக்கே திரும்பி மகியங்கனை, மன்னம்பிட்டி என்று போகிறதே, வழி தெரியாமலா என்றாள். நம் மலைகள் 50 கோடி வருடங்களுக்கும் மேல் பழமையான, அமுங்கி மடிந்து உருமாறிய பாறைகள். மடிப்புகளுக்கு இடையில் உள்ள தாழ்ந்த, தேயக்கூடிய பாறையைப் பிடித்துக்கொண்டு ஆறு போகிறது, கடினமான மேடுகளைச் சுற்றிக்கொள்கிறது, நக்கிள்ஸ் மலைக்கும் நடுமலைக்கும் இடையில் வழி கண்டுபிடித்துக் கிழக்கே இறங்குகிறது. நான் போர்வையைக் கசக்கிப் போட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் எப்படிப் போகும் என்று யோசி என்றேன். அவள் அம்மாவின் பழைய போர்வையை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்கே போய்விட்டாள். அக்காவிடம் ஏச்சு வாங்கியது நான்தான், ஆனால் அவள் இனி அந்த வளைவை மறக்க மாட்டாள்.

உயரத்தையும் சொல்லிக் கொடுங்கள். 2,100 மீட்டருக்கு மேலே தொடங்கினது தலவாக்கலையில் ஏறத்தாழ 1,200, கொத்மலை நீர்த்தேக்கத்தில் 700, கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் 440. மினிப்பேயைத் தாண்டிய பிறகு கடல் வரைக்குமான நீண்ட தூரத்தில் இறங்குவதற்கு மிச்சமிருப்பது 100 மீட்டர் சொச்சம்தான். அதனால்தான் இங்கே பாறையை உருட்டிக்கொண்டு கத்துகிற ஆறு அங்கே சத்தமே இல்லாமல் மண்ணைப் பரப்பிக்கொண்டு போகிறது.

இறக்கம் உள்ள இடத்தில் மின்சாரம் எடுப்பார்கள், அதில் புதுமை இல்லை. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே அணைகள் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன, அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தலவாக்கலைப் பிள்ளைக்கு மேல் கொத்மலைத் திட்டம் ஒரு புத்தகப் பெயர் இல்லை, கடைவீதிக்குக் கீழே தெரிகிற தண்ணீர். 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் திட்டம் அது. அங்கே அணையில் தேங்குவது மிகக் கொஞ்சம், அந்தத் தண்ணீர் மலைக்குள் குடைந்த ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்து, நிலத்துக்குள்ளேயே இருக்கிற மின்நிலையத்தில் சுழன்றுவிட்டு, கொத்மலைப் பக்கம் வெளியே வருகிறது. இடையில் இருக்கிற சென் கிளயார் அருவிக்கு வர வேண்டிய தண்ணீரில் பெரும் பங்கு அந்தச் சுரங்கத்தில்தான் போகிறது, அருவிக்கென்று பகலில் அளந்து விடுகிறார்கள். அருவி அகலமாக வெள்ளைச் சேலை விரித்த மாதிரி விழுந்ததை எங்கள் தாத்தா பாட்டி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்தார்கள். திட்டம் வந்தபோது இடம் மாறிய குடும்பங்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றிலிருந்து எதை எடுத்தோம், எதைக் கொடுத்தோம் என்பதைப் பிள்ளைகள் ஜன்னலிலிருந்தே பார்க்க முடிகிற ஊர் இது, அதை அவர்கள் கண்ணாலேயே பார்த்துக் கற்கட்டும் என்கிறேன்.

இனி மண்ணைப் பற்றி. இதை நான் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன், ஏனென்றால் இதில் நம் ஆட்களின் கை இருக்கிறது. இந்த மலைகளில் முன்பு இருந்தது காடு. கோப்பிக்காக வெட்டினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் வந்து சில வருடங்களில் எல்லாம் அழிய, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. வெட்டினதும் நட்டதும் நம் பாட்டன் பூட்டன்தான், வெட்டச் சொன்னது வேறு ஆட்கள். 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடக்கூடாது என்று 1873இல் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் சொன்ன யோசனையால்தான் ஹோட்டன் சமவெளிக் காடு தப்பியது. அந்தப் பஞ்சையும் பிழிந்து காயப்போட்டிருந்தால் இன்றைக்கு மாசி மாதம் ஆக்ரா ஓயாவில் என்ன ஓடும் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

காடு போன மலையில் மண்ணைப் பிடித்து வைத்தது கான், அதாவது சரிவில் வெட்டுகிற வாய்க்கால். எங்கள் தாத்தா கான் வெட்டுகிறவர். மலைக்குக் குறுக்கே, மிக லேசான சாய்வில், தண்ணீர் ஓடவும் வேண்டும், ஓடி மண்ணை அரிக்கவும் கூடாது. மட்டம் பார்க்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது, கொஞ்சம் தண்ணீரை ஊற்றி அது நகர்கிற வேகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். கானுக்குள் இடைக்கிடை ஒரு குழி விடுவார், அடித்து வருகிற மண் அதில் தங்கும், பிறகு அதை அள்ளி மேலே போட வேண்டும். ஒரு மனிதன் தன் வாழ்நாள் முழுக்கக் கீழ்நாட்டு அணைகளுக்குள் மண் போகாமல் தடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான், அவனுக்கே அது தெரியாது. நன்றாக மூடி வளர்ந்த தேயிலை மண்ணைப் பிடிக்கும். பிடுங்கிப் போட்டு வெறுமையாகக் கிடக்கிற மலையும், சரிவிலே மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டு உருளைக்கிழங்கு நடுகிற தோட்டமும் பிடிக்காது. கான் தூர்ந்துபோன மலைகள் இப்போது எத்தனை. பொல்கொல்லையில் 1976இல் கட்டின அணைக்குள்ளும், கீழே ரந்தம்பேயிலும் வண்டல் படிந்து தண்ணீர் கொள்கிற இடம் கணிசமாகக் குறைந்துபோனது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த வண்டல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் பிள்ளைகள் மலையைக் காட்டிச் சொல்ல வேண்டும். நானும் மரக்கறி ஏற்றி விற்றவன்தான். அந்தக் கரட்டோடு போன மண்ணில் எனக்கும் பங்கு உண்டு.

மண்சரிவைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. ஆபத்தான இடம் என்று வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்ட இடம் அது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள், நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த இரவுகளில் எங்கள் சொந்தக்காரர் லயத்தில் ஆட்கள் வெளியே போவதா உள்ளே இருப்பதா என்று தெரியாமல் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்துத்தான் எச்சரிக்கை கொடுக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஆனால் 75 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று லயத்தில் யாருக்குத் தெரியும்? ரேடியோவில் சொன்னால் அது ஒரு எண், அவ்வளவுதான்.

நேரான பக்கங்கள் உள்ள ஒரு கண்ணாடிப் போத்தல், ஜாம் போத்தல் என்றாலும் சரி, வாய் குறுகாததாகப் பார்த்து, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்துவிட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் உள்ளே எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று அளந்து எழுதி, கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். இவ்வளவுதான் மழைமானி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, அதாவது லயத்து அறை ஒன்றின் கூரையில் 75 மில்லிமீட்டர் விழுந்தால் ஏறத்தாழ 830 லீட்டர். ஒரு காம்பராவுக்கு இவ்வளவு என்றால் மேலே நிற்கிற மலைக்கு எவ்வளவு என்று பிள்ளையே கணக்குப் போடும். அதோடு, வீட்டுச் சுவரிலும் நிலத்திலும் புதிதாக வெடிப்பு விழுகிறதா, மரமும் போஸ்டும் சாய்கிறதா, தெளிந்து வந்த ஊற்று திடீரென்று கலங்குகிறதா, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புகிறதா, ஓடிய ஊற்று நின்றுபோகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற பிள்ளைதான் இதையெல்லாம் முதலில் பார்க்கும். அது வந்து சொன்னால் பெரியவர்கள் கேட்க வேண்டும் என்றால், அது பாடசாலையில் கற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும்.

போன மாசியில் நானும் அக்கா மகளும் எங்கள் ஓடையை அளந்தோம். தையல் பெட்டியிலிருந்து டேப், ஒரு போன், ஒரு தோடம்பழம். ஓடை கொஞ்சம் நேராகப் போகிற இடமாகப் பார்த்துப் பத்து மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டோம். அகலம் 90 சென்டிமீட்டர். ஆழத்தை ஐந்து இடத்தில் பார்த்து சராசரி எடுத்தாள், 12 சென்டிமீட்டர். தோடம்பழத்தை மேலே விட்டு, கீழே வர எத்தனை செக்கன் என்று எண்ணினோம். முதல் தடவை பழம் ஒரு கல்லிடுக்கில் சிக்கிவிட்டது, அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுத்தாள், கால் விறைத்துப் போச்சு மாமா என்று கத்தினாள். அடுத்த மூன்று தடவையும் 20 செக்கனுக்குக் கிட்ட வந்தது. மேலே ஓடுகிற தண்ணீர் அடியில் ஓடுவதைவிட வேகம் என்பதால் வேகத்தை 0.8ஆல் பெருக்க வேண்டும் என்று சொன்னேன். செக்கனுக்கு 43 லீட்டர் என்று வந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று போனில் தட்டினாள். 37 இலட்சம் லீட்டர். மழையில்லாத மாசி மாதத்தில், எங்கள் லயத்துக்குக் கீழே போகிற, தாண்டிக் குதிக்கிற அகலத்து ஓடையில்! அவள் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். பிறகு, “இவ்வளவு தண்ணி போகுது, ஏன் மாமா நாம குடத்தோட வரிசையில நிக்கிறோம்?” என்றாள்.

என்னிடம் அதற்கு நல்ல பதில் இருக்கவில்லை. ஓடைக்கு மேலே உள்ள லயங்களின் கழிவும் தோட்டத்து மருந்தும் அதில் இறங்குகிறது, அதனால் குடிக்க முடியாது, மேலே ஊற்றுக்கு வேலி போட்டுக் குழாய் இழுக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும் என்று ஏதோ சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையைத்தான் புவியியல் பாடம் உருவாக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். தன் ஓடையை அளந்த பிள்ளை அதில் குப்பையைக் கொட்டாது. மூதூரில் ஒரு கிழவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அதற்குத் தெரியும்.

இன்னும் ஒன்று, பெயர்கள். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் பெரிய ஓயாக்களுக்குப் பெயர் உண்டு. சின்ன ஓடைகள் பல வெறும் நீலக் கோடுகள். ஆனால் நம் ஆட்கள் ஒரு ஓடையையும் பெயரில்லாமல் விட்டதில்லை. பெரட்டுக்களத்து ஓடை, கோயிலடி ஆறு, பத்தாம் நம்பர் மலைத் தண்ணி, பிள்ளைக்காம்பராப் பள்ளம். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கிறவர்களும் கான் வெட்டுகிறவர்களும் வைத்த பெயர்கள் இவை, அவர்கள் போனால் பெயரும் போய்விடும். ஒவ்வொரு பாடசாலையும் தன் தோட்டத்து ஓடைகளின் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டு, ஒரு பெரிய தாளில் வரைந்து, சுவரில் ஒட்டட்டும். அடுத்த தோட்டத்துப் பாடசாலையின் தாளோடு சேர்த்து வைத்தால் கோடுகள் ஒன்றோடொன்று தொடும். அப்படியே சேர்த்துக்கொண்டு போனால் ஆக்ரா ஓயா முழுவதும் நம் பெயர்களோடு ஒரு வரைபடமாகிவிடும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களில் பாதிப் பேர் இதே லயங்களிலிருந்து படித்து வந்தவர்கள். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், பரீட்சை இருக்கிறது, வெளியே கூட்டிப்போக அனுமதி, பஸ், காசு. பத்தாம் தரத்தில் புவியியல் விருப்பப் பாடமாகிவிடுவதால் பல பிள்ளைகள் ஒன்பதோடு அதை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் ஒன்பதுக்குள் இதைச் செய்துவிடுங்கள் என்று கேட்கிறேன். பஸ் வேண்டாம், ஓடைக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும், இரண்டு பாடவேளையில் அளந்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

மாசிதான் நல்ல காலம், மேற்குப் பக்கத்தில் மழை குறைவு, தண்ணீர் தெளிந்திருக்கும். காலையிலேயே போய்விடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் மேலே இடி இடித்தால் ஓடையில் நிற்கவே கூடாது, இங்கே வெயிலாக இருந்தாலும் மேலிருந்து தண்ணீர் வந்துவிடும். முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள இடம் வேண்டாம். அணைகளுக்குக் கீழே ஆற்றில் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம், கதவு திறந்தால் ஏறிவர நேரம் இருக்காது. தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு டேப்பும் அடிமட்டமும் நேரான போத்தல்களும் என் கடையிலிருந்து தருகிறேன், காசு வேண்டாம். சனிக்கிழமை என்றால் கடையைப் பூட்டிவிட்டு நானும் வருவேன். தோடம்பழம் மட்டும் இரண்டு மூன்று கூடுதலாகக் கொண்டு வாருங்கள், கல்லிடுக்கில் சிக்கும்.

அன்புடன்,
அக்கரப்பத்தனையில் பிறந்த ஒரு பழைய மாணவன்